ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

அத்தியாயம் 11

தப்புச் சத்தம் கேட்டுத்தான் சுலக்ஷனா கண் விழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் தப்பு முழங்கினால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போர்வையை உதறிவிட்டு எழுந்தவள், "அம்மா, யாரும்மா?" என்று பதறினாள்.

அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த வீரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாரும் சாகல. ஒங்கப்பா பெரட்டுப் போடுறாரு."

"ஞாயித்துக்கெழமையா?"

"அதத்தான் நானும் கேட்டேன். சோலி இருக்குன்னு மொனகிட்டு வெளிய போயிட்டாரு."

பெரட்டு என்றால் தோட்டத்தில் வேலை நாட்களில் மட்டும் நடக்கிற சங்கதி. காலையில் ஆட்களைக் கூட்டி, பேர் பதிந்து, இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்து அனுப்புவது. பிளேர்மோர் தோட்டத்து மேல்பிரிவில் அந்தப் பெரட்டுக்கு மழையோ காய்ச்சலோ பார்க்காமல் முதல் ஆளாய் வந்து நிற்கிறவர் சோலைமலைக் கங்காணி. அப்படிப்பட்டவர் ஓய்வு நாளில் ஆட்களைக் கூட்டுகிறார் என்றால் மனிதருக்கு மூளை பிசகிவிட்டதோ என்று லயமே எட்டிப் பார்த்தது.

சுலக்ஷனாவுக்குப் பயம் வேறு விதம். அப்பா தன்னைப் பற்றி ஊரைக் கூட்டி நியாயம் கேட்கப் போகிறாரோ என்று நினைத்தாள்.

கங்காணி வீட்டில் போன வாரம் மூண்ட சண்டை உங்களுக்கு மறந்திருக்காது. ஹட்டனில் கணினி டிப்ளோமா படிக்கிற சுலக்ஷனா, 'லயத்துக் காம்பரா' என்ற தன் வலைப்பூவில் அப்பாவைப் பற்றி எழுதிவிட்டாள். மலையில் நாள் பூராவும் நாற்பது பெண்களை அதட்டுகிற கங்காணி, வீட்டுக்கு வந்தால் அம்மாவுக்கு முன்னால் வாய் திறப்பதில்லை என்று. அதை யாரோ அச்செடுத்துத் தோட்டத்து ஆபீசுக்குக் கொண்டுவர, கிளாக்கர் கந்தப்பன் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்ட, ஆபீசே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து அப்பா மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "திங்கக்கெழம காலையில ஆபீசுல தொரையப் போயிப் பாரு. கம்பியூட்டர் வேல தர்றாங்க. இந்த எழுத்தெல்லாம் அன்னைக்கோட நிப்பாட்டு" என்று ஒரே ஒரு உத்தரவு மட்டும் போட்டார். கிளாக்கரிடம் வாக்கும் கொடுத்துவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை நாளைக்கு.

உண்மையைச் சொன்னால் வலைப்பூ என்றாலே சுலக்ஷனாவுக்கும் ஆரம்பத்தில் இளக்காரம்தான். 'வலைப்பூவும் இணைய விளம்பரமும்' என்று வகுப்பில் ஒரு செயல்திட்டம் கொடுத்தபோது, வேலைவெட்டி இல்லாதவர்கள் தாங்கள் காலையில் என்ன தின்றோம் என்று உலகத்துக்கு அறிவிக்கும் இடம் என்று எழுதிக் கொடுத்தவள் அவள். விளம்பரத்தை அதைவிடக் கேவலமாய்த் திட்டியிருந்தாள். வாசிக்க உட்கார்ந்தால் தோளைத் தட்டித் தட்டிக் கூப்பிடுகிற ஆள் என்று.

வகுப்பில் புள்ளி வாங்குவதற்காக ஒரு வலைப்பூ திறந்தே ஆக வேண்டியிருந்தது. பீலியில் தண்ணீர் பிடிக்க நிற்கிற வரிசையைப் பற்றி நாலு பந்தி எழுதிப் போட்டாள். அடுத்த நாள் கனடாவிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் பின்னூட்டம் எழுதியிருந்தாள். 'என் அம்மா பிறந்தது அந்த லயத்தில்தான். பீலிக்குப் பக்கத்தில் ஒரு பலாமரம் நிற்குமாமே, நிற்கிறதா?' என்று கேட்டிருந்தாள். சுலக்ஷனா ஓடிப்போய் மரத்தைப் பார்த்துவிட்டு வந்து பதில் எழுதினாள். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பித்து.

விளம்பரத்தின் மேல் இருந்த கோபமும் இந்த மாதம் கரைந்துபோனது. கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனம் 'வெண்பனி' என்ற தேயிலைக்காகச் சில தமிழ் வலைப்பூக்களைத் தேர்ந்தெடுத்தது. அதில் 'லயத்துக் காம்பரா'வும் ஒன்று. வலைப்பூவின் ஓரத்தில் ஒரு வெறும் கோப்பை இருக்கும். பக்கத்தில் சேலை கட்டிய ஒரு பெண் மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டு சிரிப்பாள். கோப்பையை அமுக்கினால், 'இந்தத் தேநீரை யாருக்குக் கொடுப்பீர்கள்?' என்று கேட்கும். பெயர், முகவரி, பதில் எழுதினால் கோப்பை நிறைந்து ஆவி பறக்கும்.

கத்துகிற விளம்பரத்தைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற விளம்பரத்தை அன்றைக்குத்தான் பார்த்தாள். அது அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போனது.

இன்று மாலை ஆறு மணிக்குள் எந்த வலைப்பூவில் அதிகக் கோப்பைகள் நிறைகின்றனவோ, அதை எழுதுகிறவருக்கு அந்த நிறுவனத்தின் தமிழ்ப் பிரிவில் ஆறு மாதம் பயிற்சி. இணையத்துக்கு எழுதுகிற வேலை. சுலக்ஷனா அதற்காக உயிரை விடக்கூடத் தயார். ஆனால் கொழும்புப் பையன் ஒருவனின் கிரிக்கெட் வலைப்பூ அவளைவிட வெகுதூரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது லயத்து முற்றத்தில் ஒரு கூட்டமே நின்றது. சோலைமலை கோட்டும் தொப்பியுமாய்ப் படிக்கட்டில் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார். "எம்மக ஒரு போட்டியில நிக்கிது. கம்பியூட்டருல ஒரு கோப்ப இருக்காம். ஒரு கேள்வி கேக்குமாம். ஒவ்வொருத்தரும் பதில் சொன்னா அது நெறையுமாம். இன்னைக்குப் பொழுது சாய்றதுக்குள்ள நம்ம கோப்ப நெறையணும். நாளைக்கு வேலைக்கு வர்ற மாதிரி இன்னைக்கு எல்லாரும் ஹட்டனுக்கு வரணும்."

சுலக்ஷனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாவைப் பார்த்தாள். வீரம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தப்பை இறக்கி வைத்த பழனியாண்டி கேட்டான். "கங்காணி, கோப்ப நெறைஞ்சா நமக்குக் குடிக்கக் குடுப்பாங்களா?"

"படத்துலதான்டா நெறையும்."

"அப்ப நான் இங்கயே குடிச்சிட்டு வந்துர்றேன்."

சுலக்ஷனா அப்பாவின் அருகில் போனாள். "நெசமாவாப்பா? நீங்கதான எழுதக்கூடாதுன்னீங்க?"

அவர் தொப்பியைச் சரிசெய்தார். மகளைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்தே பேசினார். "ஆபீசுல சிரிச்சப்ப கோவமாத்தான் இருந்துச்சு. ஒங்கம்மா போட்டியப் பத்திச் சொல்லிட்டு ஒரு கேள்வி கேட்டா. அந்தப் புள்ள எழுதுனதுல பொய் எதுன்னு. நானும் நாலு நாளா யோசிச்சுப் பாக்குறேன், ஒண்ணும் அம்புடல."

அதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. சுலக்ஷனாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

றொசல்ல ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு இத்தனை பேரை ஒன்றாய்ப் பார்த்த ஸ்டேஷன் மாஸ்டர், கோயில் திருவிழாவா என்று சிங்களத்தில் விசாரித்தார். கம்பியூட்டர் பெரட்டு என்று சோலைமலையும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். ஸ்டேஷன் மாஸ்டருக்கு விளங்கியதோ இல்லையோ, பச்சைக் கொடியைக் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினார். பெட்டிக்குள் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாருக்குத் தேத்தண்ணி கொடுப்பது என்று அப்போதே வாக்குவாதம். மாமியாருக்குக் கொடுப்பேன் என்று சொன்ன ஒருத்தியை யாருமே நம்பவில்லை.

ஹட்டன் பிரதான வீதியில், துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது தயானியின் கொமியுனிகேஷன் என்கிற இணையக் கடை. யாழ்ப்பாணத்துக்காரி. அப்பா வங்கியில் மாற்றலாகி வந்தபோது கூட வந்து, ஹட்டன் குளிர் பிடித்துப்போய் இங்கேயே கடை போட்டுவிட்டவள். சுலக்ஷனாவின் வலைப்பூ பிறந்ததே இவள் கடையில்தான். மாடிப்படி முழுக்க ஆட்கள் ஏறி வருவதைப் பார்த்து வாசலுக்கு ஓடி வந்தாள்.

"என்னடியப்பா இது, ஸ்ட்ரைக்கோ?"

"இல்ல அக்கா, எல்லாரும் கோப்ப நெரப்ப வந்திருக்காங்க."

தயானி படிக்கட்டின் அடிவரை எட்டிப் பார்த்தாள். "அட, இத்தனை சனமோ? சரி சரி, வரச் சொல்லு. நாலு மெஷினிலை ரெண்டுதான் வேலை செய்யுது. அந்தக் கிரிக்கெட் பெடியனுக்கு இண்டைக்கு இருக்கு."

கங்காணி ரெண்டு நிரையாய் ஆட்களைப் பிரித்தார். மலையில் கொழுந்துச் செடிக்கு ஊடே ஆளுக்கு ஒரு நிரை பிரித்துவிடுவது போலத்தான். ஒரு நிரை தயானிக்கு, ஒரு நிரை சுலக்ஷனாவுக்கு. "பேரு, வெலாசம், பதில். நிக்காம நவுந்துக்கிட்டே இருங்க. தள்ளக்கூடாது" என்று படியில் நின்று குரல் கொடுத்தார்.

முதலில் பழனியாண்டி வந்து உட்கார்ந்தான். யாருக்குத் தேநீர் என்று கேட்டதற்கு அவன் யோசிக்கவே இல்லை.

"எனக்குத்தான். சாவு வீடு கல்யாண வீடு எல்லாத்துலயும் எல்லாருக்கும் குடுத்து முடிச்சுத்தான் தப்புக்காரனுக்கு வரும். ஒரு தடவயாச்சும் மொதல்ல குடிக்கிறேன்."

சுலக்ஷனா அப்படியே தட்டினாள். கோப்பை நிறைந்து ஆவி பறந்தபோது வரிசை முழுக்க ஓவென்று சந்தோஷப்பட்டது.

அடுத்து பேச்சியம்மா. "ஆசுபத்திரியில ஒரு டாக்டரம்மா என்னைய உக்காருங்கன்னு சொல்லிச்சு. அந்தப் புள்ளைக்குக் குடுக்கணும்."

வீரம்மாவின் முறை வந்தபோது அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா. யாருக்கு? அப்பாவுக்கா?"

"யாருக்கும் குடுக்க மாட்டேன். நானே குடிச்சிருவேன்."

"அம்மா."

"என்ன அம்மா? கல்யாணம் கட்டி வந்ததுல இருந்து சூடா ஒரு தேத்தண்ணி குடிச்சதில்ல. எல்லாருக்கும் ஊத்திக் குடுத்துட்டு வந்து பாத்தா ஆறிப்போயிருக்கும். இதுலயாச்சும் ஆவி பறக்குது. போடு."

படியில் நின்ற கங்காணி இதைக் கேட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அவர் காதில் விழுந்தது எல்லாருக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு அம்மாக்கண்ணு வந்தாள். கொழுந்து பறிக்கிறதில் மேல்பிரிவிலேயே மூத்தவள். திரையை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். கேள்வியை அல்ல, பக்கத்தில் சிரிக்கிற படத்தை.

"இந்தப் புள்ளைக்கே குடுத்துருங்க" என்றாள்.

"எந்தப் புள்ளைக்குப் பெரியம்மா?"

"இந்தா, படத்துல நிக்கிதே. படங்கு கட்டாம நல்ல சீலையோட பனிக்குள்ள நிக்கிது. இடுப்புல சாக்குப் படங்கு இல்லாட்டி செடி ஈரமெல்லாம் வயித்துல ஏறாதா? சளி புடிச்சுரும். யாரு பெத்த புள்ளையோ. சூடா ஒரு வாய் குடிக்கட்டும்."

கடையே சிரித்தது. தயானி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சுலக்ஷனா சிரித்துக்கொண்டே ஒரு எழுத்து விடாமல் தட்டினாள். இத்தனை வருஷம் இந்த மலையில் தேயிலையைப் பற்றி இவர்களிடம் யார் வாய் திறந்து எதைக் கேட்டார்கள்? ஒரு விளம்பரம் கேட்டது. கேட்டதும் எப்படிக் கொட்டுகிறது பார் என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. தோளைத் தட்டுகிற ஆள் என்று எழுதிக் கொடுத்ததை நினைத்து வெட்கப்பட்டாள்.

கோப்பைகள் நிறைய நிறைய, கிரிக்கெட் வலைப்பூவுக்கும் அவளுக்கும் இருந்த தூரம் குறைந்துகொண்டே வந்தது. தயானி ஒவ்வொரு தடவையும் சத்தம் போட்டுச் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியபோது 'லயத்துக் காம்பரா' முந்திவிட்டது. படிக்கட்டில் விசில் பறந்தது. துணிக்கடைக்காரர் மேலே வந்து என்ன விசேஷம் என்று கேட்டவர், விஷயம் தெரிந்ததும் தானும் வரிசையில் நிற்கப் பார்த்தார்.

கடைசியாய்ச் சோலைமலை வந்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"யாருக்குப்பா?"

"எழுதிக்க. எம்மகளுக்கு." தொண்டையைச் செருமினார். "அது எந்த ஊர்ல இருந்தாலும்."

சுலக்ஷனா அதையும் சேர்த்து எழுதினாள். தட்டி முடித்துப் பொத்தானை அமுக்கினாள்.

கோப்பை நிறையவில்லை.

மறுபடி அமுக்கினாள். திரை ஒரு தரம் வெளுத்து மீண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை கடகடவென்று கீழே இறங்கியது. ஓடி ஓடி இறங்கி, பழைய இடத்துக்கு வந்து, அதற்குமேல் ஒன்றே ஒன்று கூடுதலாய் நின்றது. கீழே சிவப்பில் இரண்டு வரி ஆங்கிலம்.

தயானி குனிந்து வாசித்தாள். அவள் முகம் விழுந்தது.

"ஒரு விலாசத்துக்கு ஒரு கோப்பைதானாம். எல்லாருக்கும் ஒரே விலாசம் போட்டிருக்கிறியள். கள்ள வாக்கு எண்டு நினைச்சு மெஷின் எல்லாத்தையும் கழிச்சுப் போட்டுது. முதலாவது மட்டும்தான் செல்லும்."

"எங்களுக்கு எல்லாருக்கும் ஒரே வெலாசம்தானே அக்கா" என்றாள் சுலக்ஷனா.

பொய்யில்லை. பிளேர்மோர் தோட்டம், மேல்பிரிவு, றொசல்ல. லயத்தில் எத்தனை குடும்பம் இருந்தாலும் காம்பரா என்கிற ஒற்றை அறைக்கு இலக்கம் கிடையாது, வீதிக்குப் பேர் கிடையாது. எல்லாருக்கும் வருகிற கடிதம் ஒரே ஆபீசுக்குத்தான் வரும். பிறந்ததிலிருந்து அப்படியே பழகிவிட்டதால், இத்தனை பேர் ஒரே முகவரியைச் சொல்லச் சொல்ல அவளுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. விதிகள் ஆங்கிலத்தில் அடியில் பொடிப்பொடியாய் இருந்தன. அதை அவளும் வாசிக்கவில்லை, தயானியும் வாசிக்கவில்லை.

"அப்ப என்னுது மட்டுந்தான் செல்லுமா?" என்றான் பழனியாண்டி. அவன் குரலில் லேசாய் ஒரு பெருமை இருந்ததைக் கேட்டு வீரம்மா அவனை ஒரு முறை முறைத்தாள்.

கங்காணி எழுந்து நின்றுவிட்டார். "நான் கூட்டியாந்து கெடுத்துட்டேனா?" என்று மெல்லக் கேட்டார்.

அந்தக் கேள்வியைத்தான் சுலக்ஷனாவால் தாங்க முடியவில்லை. கோபம் மண்டைக்கு ஏறியது. கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டு, பதிலை ஒருத்தரும் வாசிக்கவில்லை. தலையை மட்டும் எண்ணியிருக்கிறார்கள், அதிலும் தப்பாய். ஆரம்பத்தில் நினைத்ததுதான் சரி. எல்லாம் ஏமாற்று வேலை. "அக்கா, இந்தக் கோப்பைய என் பக்கத்துல இருந்து இப்பவே தூக்கிடுறேன். வலைப்பூவும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம்" என்று சுட்டியைப் பிடித்தாள்.

அப்பா அவள் தோளில் கை வைத்தார்.

"ஃபேக்டரியில மெஷின் நின்னா மெஷினோடயா சண்ட போடுறோம்? டீமேக்கரக் கூப்புடுறோம். இதுக்கும் ஒரு ஆளு இருக்கும்ல. கூப்புடு."

ஆள் இருந்தாள். நிரூபா என்று பெயர். போட்டிக்குத் தேர்ந்தெடுத்த மின்னஞ்சலின் அடியில் அவளுடைய கைபேசி எண் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, எடுப்பாளோ மாட்டாளோ என்ற பயத்தோடு தயானியின் கைபேசியிலிருந்து அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டாள்.

நிரூபா எடுத்தாள். சுலக்ஷனா தடுமாறித் தடுமாறி விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"ஒரே விலாசத்திலை இத்தனை பேரோ?" என்றாள் நிரூபா. குரலில் நம்பிக்கை இல்லை. "தங்கச்சி, எனக்குச் செய்ய விருப்பம்தான். ஆனா இதெல்லாம் ஒரே ஆள் இருந்து அமத்தினது இல்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

சுலக்ஷனா அப்பாவைப் பார்த்தாள். கங்காணிக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "நிரை புடிங்க" என்றார்.

கைபேசி மேசையில் இருந்தது. ஒவ்வொருவராய் வந்து குனிந்து பேரைச் சொல்லி, யாருக்குத் தேநீர் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். சிலர் டவுனில் இருந்து கொழும்புக்குக் கேட்க வேண்டுமே என்று கத்திச் சொன்னார்கள். பேச்சியம்மா டாக்டரம்மாவைப் பற்றி முதலில் சொன்னதைவிட நீளமாய்ச் சொன்னாள். வீரம்மா தன் பதிலைச் சொன்னபோது அந்தப் பக்கம் நிரூபா குபுக்கென்று சிரித்துவிட்டாள். "என்ரை அம்மாவும் இதைத்தான் சொல்லுவா" என்றாள். அம்மாக்கண்ணு படத்துப் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று எச்சரித்துவிட்டுப் போனபோது அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது.

எல்லாரும் முடிந்தபின் நிரூபா பேசினாள். சிரிப்புப் போய், வேறு குரல்.

"சரி. கோப்பை எல்லாத்தையும் நான் திறந்து விடுறன். திறக்கிற அதிகாரம் என்னட்டை இருக்கு. பாருங்கோ."

திரையில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. கடை அதிர்ந்தது. கிரிக்கெட் வலைப்பூவை எட்டி, தாண்டி, வெகுதூரம் போய் நின்றது. தயானி சுலக்ஷனாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பழனியாண்டி மேசையிலேயே தாளம் போட்டான்.

"ஒரு நிமிஷம், தங்கச்சி" என்றது கைபேசி. "ஒரே ஒரு வரியை மட்டும் நீங்கள் எடுத்துவிட வேணும். அந்தப் படங்குக் கதை. அந்தப் படத்துக்கு வெண்பனி முதலாளிமார் நிறையச் செலவழிச்சவை. நாளைக்கு அவை இதை வாசிச்சா விளம்பரத்தையே நிப்பாட்டிப் போடுவினம். பிறகு பயிற்சியும் இல்லை, ஒண்டும் இல்லை. ஒரு வரிதானே."

பழனியாண்டி தாளத்தை நிறுத்தினான்.

ஒரு வரிதான். ஒரு பொத்தானை அமுக்கினால் போய்விடும். ஆறு மாதம் கொழும்பு, எழுத்து வேலை, எல்லாம் அந்தப் பொத்தானுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆனால் அந்த வரி அவளுடையது அல்ல. அவள் திரும்பினாள்.

"பெரியம்மா, ஒங்க பதில எடுக்கச் சொல்றாங்க. எடுத்தாத்தான் எனக்கு வேல. என்ன செய்யட்டும்?"

அம்மாக்கண்ணு பெரிதாய் யோசிக்கவில்லை. "எடுத்துக்க ஆத்தா, அதுல என்ன இருக்கு. எடுத்துட்டு, அந்தப் புள்ளைக்கு ஒரு படங்கக் கட்டிவிடச் சொல்லு. அது கட்டிக்கிச்சின்னா அப்பறம் நான் எதுக்குச் சொல்லப் போறேன்?"

சுலக்ஷனா மேசைப் பக்கம் திரும்பினாள். கைபேசியைக் கையில் எடுத்தாள். இம்முறை குரல் தடுமாறவில்லை.

"கேட்டுச்சாங்க அக்கா? படத்த மாத்துங்க, வரிய எடுத்துர்றேன். படம் அப்படியே நின்னா வரியும் நிக்கும். நீங்கதான கேட்டீங்க யாருக்குன்னு. கேட்டா பதிலக் கேக்கணும்ல."

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று தயானி எட்டிப் பார்த்தாள்.

"இதை நான் சொன்னா அவை கேக்க மாட்டினம்" என்றாள் நிரூபா கடைசியில். "நாளைக்குக் காலமை பத்து மணிக்கு அவையோடை கூட்டம். வெண்பனிப் பெரிய முதலாளியும் வாறார். நீங்களே வந்து, இப்ப எனக்குச் சொன்ன மாதிரி அவருக்குச் சொல்லுவீங்களோ?"

"வர்றேன்" என்றாள் சுலக்ஷனா. சொன்ன பிறகுதான் நாளைக்குத் திங்கட்கிழமை என்பது உறைத்தது. அதே காலையில் துரை அவளைப் பார்க்கக் காத்திருப்பார். கிளாக்கர் கந்தப்பன் வாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வாக்குக் கொடுத்தவர் அவளுக்குப் பின்னால் நின்றார்.

அவள் திரும்பவே பயந்தாள். திரும்பினாள்.

சோலைமலை தொப்பியை எடுத்துத் தலையில் போட்டார். பழனியாண்டியைக் கூப்பிட்டார்.

"பழனி, நாளைக்கு ஆள எறக்கி விடுறது ஒம்பொறுப்பு. வேல பாக்க வர்ற கண்டாக்கையா கேட்டா, கங்காணி பெரட்டுக்கு வரல, மகளோட கொழும்புக்குப் போயிட்டாருன்னு சொல்லிரு."

"கிளாக்கரையா கேட்டா?"

கங்காணி கொஞ்சம் யோசித்தார். "அவருக்கு வந்து பதில் சொல்லிக்கிறேன்" என்றுவிட்டு, இரவு ரயிலுக்கு இடம் கிடைக்குமா என்று பார்க்க மாடிப்படியில் இறங்கினார்.

சுலக்ஷனா அம்மாவைப் பார்த்தாள். வீரம்மா கணவர் இறங்கிப்போன படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியத்தை மகள் அதுவரை கண்டதில்லை.

"நீ பொறந்தன்னைக்குக்கூட அந்த மனுசன் பெரட்டுக்குப் போயிட்டுத்தான்டி ஆசுபத்திரிக்கு வந்தாரு" என்றாள்.